வரப்பை வளைத்த கண்

நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். ஸ்கேல் வைக்காமல் கரும்பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே இழுப்பில் கோடு போட்டால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். பெருமைப்பட்டுக்கொள்ள என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அப்படிப்பட்டவனைப் பார்த்து ஒருவர், "வாத்தியாரே, உங்க வரப்பு கோணலா இருக்கு" என்றார்.

சொன்னவர் அடுத்த வயல்காரர். ஊரில் எல்லோரும் அவரை மிராசுதார் என்றுதான் குறிப்பிடுவார்கள். மிராசு அவருடைய அப்பாவோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே வாய்க்காலை ஒட்டிக் கொஞ்சம் நஞ்சை, பின்கட்டு இடிந்த ஒரு பெரிய வீடு, அப்புறம் அந்தப் பெயர். எங்கள் வயலும் ஒருகாலத்தில் அவர்களுடையதுதான். என் அப்பா அதைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். குத்தகைதாரரைக் கிளப்பக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு இரண்டு வீட்டுக்கும் தாவா மூண்டது. ஆட்சி மாறியது, தாசில்தார்கள் மாறினார்கள், வக்கீல்கள் கிழவர்களாகி மகன்களிடம் கேஸ் கட்டை ஒப்படைத்தார்கள். வாய்தா மட்டும் ஓயவில்லை. கடைசியில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து பேசி, பாதி நிலம் எங்களுக்கு, பாதி அவர்களுக்கு என்று பிரித்து நடுவில் ஒரு வரப்பைப் போட்டார்கள். அவர் கோணல் என்று சொன்னது அந்த வரப்பைத்தான்.

என் அப்பா அவரை எசமான் என்று கூப்பிட்டார். எனக்கு அந்தச் சொல் வாயில் வராது. ஐயா என்றால் அப்பாவின் சொல்லிலிருந்து ஒரே ஒரு படிதான் விலகியது மாதிரி இருந்தது. அண்ணே என்றால் அவர் மயங்கி விழுந்துவிடக்கூடும். அதனால் வேலை கிடைத்த அன்றிலிருந்து சார் என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் பதிலுக்கு என்னை வாத்தியாரே என்றார். சந்தோஷமாக இருந்தால் 'வாங்க வாத்தியாரே'. கோபம் வந்தால் அந்த 'ங்க' கழன்று விழுந்துவிடும். அதை வைத்தே அவருடைய மனநிலையைத் தெரிந்துகொள்ளலாம்.

இது நடந்தது அரசாங்கம் வீட்டுக்கு வீடு மிக்ஸி கொடுத்த சமயத்தில். அதற்கு முந்தின ஆட்சியில் டிவி கொடுத்தார்கள். மிராசுதார் ஒரு கட்சி, எங்கள் தெரு முழுக்க மற்றது. எதிர்க்கட்சிக்காரன் கொடுத்த டிவி என் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது என்று அவர் கடைத்தெருவில் பேசிக்கொண்டிருந்தபோது, வீட்டின் உள்ளறையில் அவர் மனைவி அதில் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வாசல் வழியாக ஏற்றினார்களாம்.

அந்த வருஷம் மேட்டூர் தாமதமாகத் திறந்து சம்பா மட்டும்தான் போட்டோம். நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்த நேரம், ஒரு காலையில் மிராசுதார் வரப்பில் நின்று என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"பாருங்க வாத்தியாரே. நடுவுல வயிறு தள்ளியிருக்கு, என் பக்கமா."

நான் குனிந்து, தச்சன் பலகையைப் பார்ப்பது போல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். என் கரும்பலகைக் கோடு மாதிரி இருந்தது வரப்பு.

"நேராத்தானே சார் இருக்கு."

"எது நேர்? அதோ அந்த நாரை நிக்கிற இடத்துல பாரு."

'ங்க' கழன்றுவிட்டது. நாரை நின்ற இடத்திலும் நேராகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து, மோட்டார் கொட்டகைப் பக்கம் வளைந்திருக்கிறது என்றார். அப்புறம் மதகுப் பக்கம் என்றார். வளைவு அவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே போய் நின்றது. எனக்கு அப்போது அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை. வம்புக்கு இடம் மாற்றிக்கொண்டே போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். டீக்கடையில் உட்கார்ந்து, "அப்பன் பாதியை கோர்ட்டுல வாங்கினான், மகன் மீதியை மம்புட்டியால வாங்குறான்" என்று சொல்லியிருக்கிறார். அது என் காதுக்கு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா இருந்தவரை அடுத்தவர் வயலிலிருந்து ஒரு கதிரைக்கூட ஒடித்ததில்லை. நானே சர்வேயருக்கு மனுக் கொடுத்தேன்.

சர்வேயர் வந்தார். சங்கிலி பிடித்தார், எல்லைக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்தார், இரண்டு கல்லுக்கும் நடுவே ஒரு நைலான் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டச் சொன்னார். வரப்பு அந்தக் கயிற்றுக்கு அடியில் அப்படியே படுத்திருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கலைய ஆரம்பித்தார்கள்.

மிராசுதார் கயிற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கயிறே வளைஞ்சிருக்கே" என்றார்.

சர்வேயர் சிரித்தார். "இழுத்துக் கட்டின கயிறு எப்படி ஐயா பக்கவாட்டுல வளையும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். உங்க கட்சி கயிறு போல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் முகத்தில் இருந்தது வம்பு இல்லை, குழப்பம். படம் வரையத் தெரியாத பிள்ளை தான் போட்ட வட்டம் ஏன் முட்டை மாதிரி இருக்கிறது என்று பார்க்குமே, அந்தப் பார்வை. நான் பக்கத்தில் போனேன்.

"சார், இடது கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க."

முறைத்தார். அப்புறம் மூடினார்.

"இப்ப?"

"இப்ப சரியா இருக்கு."

"வலது கண்ணை மூடுங்க."

கையை மாற்றினார்.

"பாம்பு மாதிரி நெளியுது வாத்தியாரே" என்றார், மெதுவாக. "நடுவுல ஏதோ அழிஞ்ச மாதிரியும் இருக்கு."

அன்று சாயங்காலம் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை அவர் எங்கள் தெருவுக்குள் வந்ததில்லை. அவர்களுடைய மகன் சிங்கப்பூரில், மகள் அமெரிக்காவில். "தம்பி, அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும். போன்ல சொன்னா ரெண்டு பேரும் பதறுறாங்களே தவிர, வர முடியாதுங்கிறாங்க. உங்ககிட்ட கார் இருக்கு" என்றார். என்னிடம் இருந்தது மூன்று பேர் கைமாறி வந்த ஒரு மாருதி. மழை பெய்தால் ஒழுகும்.

அவர் போனதும் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, நம்ம மேல பழி போட்டவருக்கு நாமளே வைத்தியமா?"

"அவர் கண்ணு நேரானாத்தான் நம்ம வரப்பு நேராகும்" என்றேன். பாதி வேடிக்கையாகத்தான் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அதுதான் நிலவரம். அந்த மனிதர் குணமாவதில் அவர் பிள்ளைகளைவிட எனக்கு அவசரம் அதிகம்.

தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். திரையில் மலைத்தொடர் போல ஒரு படத்தைக் காட்டினார். ஒரு இடத்தில் அது மேடிட்டிருந்தது.

"ஐயா, விழித்திரைக்கு அடியில ரத்தக்குழாய் அடர்த்தியா ஒரு படுக்கை மாதிரி இருக்கு. அதுக்கும் விழித்திரைக்கும் நடுவுல மெல்லிசா ஒரு தடுப்பு. வயசாக ஆக அது சில பேருக்குத் தேஞ்சு போகுது. தேஞ்ச இடத்துல கீழேருந்து புதுசா ரத்தக்குழாய் முளைச்சு மேல வருது. அது வரக் கூடாத இடம். வர்ற குழாயும் உறுதியா இருக்காது, கசியும். அந்தக் கசிவு தேங்கி விழித்திரையை மேல தூக்கிடுச்சு. அதான் நேரா இருக்கறதெல்லாம் வளைஞ்சு தெரியுது."

மிராசுதார் படத்தைப் பார்த்தார். "அப்ப என் கண்ணுக்குள்ள எவனோ கள்ளத்தனமா மடை வெட்டி விட்டுருக்கான்."

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் இல்ல சார்" என்றேன்.

டாக்டருக்கு இது புரியவில்லை. ஆனால் சிரித்துவிட்டார். அப்புறம் மருந்து பற்றிச் சொன்னார். ஊசி போட வேண்டும், மாதம் ஒன்று, சில மாதங்களுக்கு.

"கையிலயா?"

"கண்ணுல."

"கண்ணுக்குப் பக்கத்துலயா?"

"கண்ணுக்குள்ள. மரத்துப்போக மருந்து விட்டுட்டுத்தான் போடுவோம், வலிக்காது."

மிராசுதார் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "வரப்பு வளைஞ்சே இருக்கட்டும். வாத்தியாரே, நீங்களே வச்சுக்குங்க அந்த இடத்தை."

என் வாழ்க்கையில் அவர் எனக்கு மனமாரக் கொடுக்க முன்வந்த ஒரே நிலம் அது. அதுவும் இல்லாத நிலம்.

"சார், ஊருக்குப் போய் என்ன சொல்லுவீங்க? ஊசிக்குப் பயந்து நெலத்தை விட்டுக் கொடுத்துட்டார்னு எங்க கட்சிக்காரன் மேடை போட்டுப் பேசுவான்" என்றேன். மறுபடி உட்கார்ந்தார்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் டாக்டர் அவர் விரல்களைப் பார்த்தார். பேனா அவர் கையில் நிற்கவில்லை. விரல் கணுக்கள் வீங்கி, சற்றே ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. ஊரில் எல்லோருக்கும் அது பழகிப்போன கை. யாரும் அதைப் பார்ப்பதே இல்லை.

"காலையில எழுந்ததும் விரலை மடக்க முடியுதா ஐயா?"

"வெயில் ஏறின பிறகுதான் முடியும்."

"எத்தனை காலமா?"

"இவங்க அப்பாவோட கேஸ் நடந்த காலத்துலேருந்து" என்று என்னைக் காட்டினார். இதற்கும் நான்தான் பொறுப்பு போலிருக்கிறது.

"அதுக்கு மருந்து?"

"தைலம் தேய்ப்பேன். ரொம்ப வலிச்சா மெடிக்கல்ல ஒரு மாத்திரை."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார். "அடிபட்டா அந்த இடம் செவந்து வீங்கி சூடாகுது இல்லையா, அதைத்தான் அழற்சின்னு சொல்றோம். உடம்பு தன்னைக் காப்பாத்திக்கச் சண்டை போடுது. வேலை முடிஞ்சதும் அடங்கிடணும். உங்க மூட்டுல அது அடங்கவே இல்ல. முடக்குவாதம் மாதிரி தெரியுது. எதிரியே இல்லாம சண்டை நடந்துக்கிட்டே இருக்கு."

அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த அவர் மனைவி, "அவருக்கு மொத்தமுமே அப்படித்தாங்க டாக்டர்" என்றார்.

"மூட்டுல சண்டை போடறவன் எதுக்குக் கண்ணுக்கு வர்றான்?" என்று கேட்டார் மிராசுதார்.

"சண்டை போடறது ரத்தத்துல இருக்கற செல்லுங்க. உடம்பு முழுக்கப் போவாங்க. அழற்சி ஓயாம இருந்தா அந்தச் செல்லெல்லாம் எப்பவும் கோபமாவே சுத்தும். கண்ணுல ஏற்கனவே தேஞ்ச இடம் ஒண்ணு இருந்தா அங்கேயும் போய்ச் சேர்ந்துக்கிட்டு, இங்க ரத்தக்குழாய் வேணும், வளருன்னு சேதி அனுப்பும். நாங்க போடற ஊசி அந்தச் சேதியைத்தான் மறிக்குது. ஆனா சேதி அனுப்பறவன் உடம்புல தெம்பா இருந்தா, நாங்க மறிக்க மறிக்க அவன் அனுப்பிக்கிட்டே இருப்பான் இல்லையா?"

பிறகு நிதானமாகச் சொன்னார்: "மூட்டு வலியாலதான் கண்ணு இப்படி ஆச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. வயசு ஒரு காரணம். சிகரெட் பெரிய காரணம். ஆனா அழற்சி இந்த மாதிரிக் கண்ணுக்கு நல்லது செய்யாது. கண்ணை மட்டும் தனியாக் கழட்டி வச்சு வைத்தியம் பார்க்க முடியாதே ஐயா. மூட்டு டாக்டரைப் பாருங்க. சிகரெட்டை விடுங்க."

"நான் சிகரெட் குடிக்கிறதை யார் சொன்னது?"

மூன்று பேரும் அவர் சட்டைப் பையைப் பார்த்தோம்.

ஊசி போட உள்ளே அழைத்துப் போனார்கள். பச்சைத் தொப்பி, காலுக்கு உறை எல்லாம் மாட்டி அவரைப் பார்த்தபோது மிராசுதாராகத் தெரியவில்லை. தலையில் துணி கட்டிக்கொண்டு நெல் அவிக்க உட்கார்ந்த ஆள் போல இருந்தார். வெளியே வந்தபோது இடது கண்ணைப் பஞ்சு வைத்து மூடியிருந்தார்கள். வலது கண்ணுக்கும் சொட்டு மருந்து விட்டிருந்ததால் வெளிச்சம் கூசியது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்காமல் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. கார் சாலைக்கு அந்தப் பக்கம்.

அவர் கை தடவிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தது.

எங்கள் அப்பா அந்த வீட்டு வாசலில் நின்று பேசுவார், படியேற மாட்டார். நெல் அளக்கும்போதுகூட மரக்காலைக் கீழே வைப்பார், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கை பட்டதில்லை. அந்தக் கோணல் விரல்கள் என் தோளில் அழுந்தியிருக்க, நான் சாலையின் இருபுறமும் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு என்னவோ போல இருந்தது. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது, வருத்தம் என்றும் சொல்ல முடியாது. அவர் என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. நடுச்சாலையில், "மெதுவாப் போங்க வாத்தியாரே, பஸ்காரன் உங்க கட்சியா இருக்கப்போறான்" என்றார்.

அதற்குப் பிறகு தஞ்சாவூருக்குப் போவது எங்களுக்கு மாதாந்தரக் காரியமாகிவிட்டது. முன் சீட்டில் அவர், பின்னால் அவர் மனைவி, மடியில் தயிர்சாதத் தூக்கு. காரில் ஏறுமுன் அந்த அம்மாள் அவர் சட்டைப் பை, இடுப்பு மடிப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் சோதிப்பார். ஒருமுறை கண்ணாடிக் கூட்டில் இரண்டு சிகரெட் கிடைத்தது. "இது பழசு" என்றார் மிராசுதார். வாய்க்காலில் எறிந்தார் அம்மாள்.

மூட்டு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, முடக்குவாதம்தான் என்று உறுதி செய்தார். வாரத்துக்கு ஒருமுறை சாப்பிடும் மாத்திரை ஒன்று கொடுத்து, அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். மிராசுதாருக்கு அந்த மாத்திரைமேல் முதலில் நம்பிக்கை இல்லை. சண்டையை அடக்கும் மாத்திரை என்று கேட்டதும், "அப்ப தேர்தல் சமயத்துல நிறுத்திக்கலாமா?" என்று டாக்டரிடமே கேட்டார். சிரிக்காமல் கேட்டதால் அவர் உண்மையாகவே கேட்கிறார் என்று நினைத்து டாக்டர் நீண்ட நேரம் விளக்கினார்.

வழியெல்லாம் அரசியல். திருவையாறு பக்கம் சுற்றிக்கொண்டு போகிற நாட்களில் காவிரியைக் கடக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து கர்நாடகத்தைத் திட்டுவோம். கடந்ததும் தண்ணீரைக் கோட்டைவிட்டது யார் ஆட்சியில் என்று பிரிந்துகொள்வோம். ஒருநாள் எதையோ பேசிக்கொண்டிருந்தவர், "உங்க அப்பா நடவுக்குக் கயிறு பிடிக்க மாட்டார், தெரியுமா? கண்ணாலயே நேர் பார்ப்பார்" என்றார். எனக்கு அது தெரியாது. ரேடியோவில் நெல் கொள்முதல் செய்தி வந்தது, அதில் இறங்கிவிட்டோம்.

நாலைந்து ஊசிக்குப் பிறகு ஸ்கேனில் அந்த மேடு அமுங்கியிருந்தது. நீர் வற்றிவிட்டது என்றார் டாக்டர். விரல் வீக்கமும் குறைந்து, காலையிலேயே சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தார். ஊசிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினார்கள். மூட்டு அடங்கியதால் கண் அடங்கியதா, ஊசியால் மட்டும்தானா என்று மிராசுதார் கேட்டார். "பிரிச்சுச் சொல்ல முடியாது ஐயா. ரெண்டையும் விடாதீங்க" என்றார் டாக்டர். நடுவில் அழிந்த மாதிரித் தெரிந்த இடம் கொஞ்சம் அப்படியே நின்றுவிட்டது. அங்கே பார்வை இனி திரும்பாது, பழுதான இடம் பழுதானதுதான், மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை என்றும் சொன்னார்.

மறுநாள் அறுவடை முடிந்த வயலில் அவர் வரப்பில் நிற்பதைப் பார்த்தேன். வலது கண்ணை மூடினார், பார்த்தார். இடது கண்ணை மூடினார், பார்த்தார். அப்புறம் வரப்பின்மேலேயே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போனார்.

மன்னிப்பெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் டீக்கடைக்குப் போய் என்ன சொன்னார் தெரியுமா? "வரப்பு இப்ப நேராயிடுச்சு."

அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார். கடையில் இருந்தவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? வாத்தியார் மாட்டிக்கொண்டார், சத்தம் போடாமல் மண்ணை அள்ளிப் பழையபடி போட்டுவிட்டார் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. என் தெருக்காரர் ஒருவரே வந்து, "போனது போகட்டும் வாத்தியாரே, திருப்பிக் கொடுத்துட்டீங்கள்ல, அதான் பெருமை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் மனைவி அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். அவள் சிரிப்பது கூடம்வரை கேட்டது.

நான் நேரே மிராசுதார் வீட்டுக்குப் போனேன். படியேறி, கூடத்தில் போய் நின்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் அப்போது அது உறைக்கவில்லை. அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், பின்வாசல் வழியாக ஏறிய அந்த டிவியைத்தான்.

"சார், ஒரு மாசமில்ல, எத்தனை மாசம் உங்களைக் கூட்டிக்கிட்டு அலைஞ்சேன். அதுக்கு இதுதானா?"

விஷயத்தைக் கேட்டதும் அவர் திகைத்துப்போனார். உண்மையிலேயே அவருக்கு அது தோன்றியிருக்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அங்கே நின்று, "வரப்பு எப்பவும் நேராத்தான் இருந்துது. என் கண்ணுதான் கோணல்" என்றார். யாரும் நம்பவில்லை. வாத்தியார் ஏதோ சொல்லி மிரட்டி அழைத்து வந்திருக்கிறார் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

மிராசுதாருக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணுக்குள் ரத்தக்குழாய் முளைப்பது, அது கசிவது, மூட்டில் நடக்கும் சண்டை அங்கே வரைக்கும் போவது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் தன் பாணியில் சொல்ல ஆரம்பித்தார். "வயசானவன், பீடி சிகரெட் குடிக்கிறவன், எல்லாம் எழுந்திருங்க. ஒரு கண்ணை மூடுங்க. எதையாவது நேரா இருக்கறதைப் பாருங்க. அதோ அந்த லைட்டுக் கம்பத்தைப் பாருங்க."

கடையில் இருந்த அத்தனை பேரும் தெருவில் இறங்கி வரிசையாக நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கம்பத்தைப் பார்த்தார்கள். முதலில் டீக்கடைக்காரர்தான் பேசினார்.

"ஐயா, எனக்கு வளைஞ்சு தெரியுது."

"எனக்குந்தான்" என்றார் இன்னொருவர்.

"எனக்கு ரெண்டு கண்ணுலயும் வளைஞ்சிருக்கு" என்றார் மூன்றாமவர், திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து.

மிராசுதார் கலவரத்தோடு என்னைப் பார்த்தார். நான் கம்பத்தைப் பார்த்தேன். முந்தின வாரம் கரும்பு லாரி ஒன்று ரிவர்ஸில் வந்து அதன்மேல் இடித்திருந்தது.